ஊட்டி ஹாஸ்டலில் நூடுல்ஸ் வேகவே மாட்டேன் என்கிறது, தட்டில் மெழுகு வேறு

மலைமைனா:
வீடு மதுரை, படிக்க வந்தது ஊட்டி. ஹாஸ்டலில் அடுப்பு, இண்டக்‌ஷன் எதுவும் கூடாது, கெட்டிலை மட்டும் வார்டன் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார். ராத்திரி பசித்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கிண்ணத்தில் இருக்கும் நூடுல்ஸ் மேல் ஊற்றி மூடி வைப்பேன். மதுரையில் இதே பாக்கெட், இதே முறை, நாலு நிமிஷத்தில் சரியாக வரும். இங்கே வெளியே கொழகொழ, நடுவில் நறநற. ஒருநாள் கோபத்தில் கெட்டிலுக்குள்ளேயே போட்டேன், பொங்கி வழிந்ததோடு ஒரு வாரம் டீயெல்லாம் மசாலா வாசம்.

இன்னொன்று, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்தால் காலையில் வெள்ளையாகப் படலம் கட்டுகிறது. அது நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்கப் பூசிய மெழுகு, முதல் தண்ணீரைக் கொட்டிவிடணும் என்கிறாள் ரூம்மேட். உண்மையா?

தயிர்சாதம்:
வேகவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வை. இதற்கு ஃபோரத்தில் ஒரு திரியா?

பழைய ஷிப்ட்காரன்:
தயிர்சாதம் தம்பி, அந்தப் பெண் கேட்டதில் விஷயம் இருக்கிறது. நான் ஆறு வருஷம் நூடுல்ஸ் ஆலையில் லைனில் நின்றவன்.

முதலில் மெழுகு. அப்படி ஒன்று கிடையாது. அது பாமாயில். நூடுல்ஸ் கட்டி எண்ணெயில் பொரித்துத்தான் பாக்கெட்டுக்குள் வருகிறது, எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் இருக்கும். பாமாயில் குளிரில் உறையும். மதுரை வெயிலில் உறைய வழியில்லை, அதனால் அங்கே உன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் எண்ணெய் போகும், வேண்டுமென்றால் செய். உப்புதான் கவலை என்றால் அதைக் கொட்டிப் பயனில்லை, பெரும்பகுதி உப்பு மசாலா பொட்டலத்தில் இருக்கிறது, அதில் பாதி போடு.

அடுத்தது வேகாதது. உண்மையில் நூடுல்ஸ் ஆலையிலேயே வெந்துவிடுகிறது! மைதாவோடு உப்பும் கொஞ்சம் காரமும் (சமையல் சோடாவுக்கு அண்ணன் மாதிரி ஒரு கார்பனேட், அந்த லேசான மஞ்சளும் இழுவையும் அதனால்தான்) போட்டுப் பிசைந்து, உருளை உருளையாக விட்டுத் தகடாக்கி, நூலாக வெட்டுவோம். வெட்டும் உருளை வேகமாகச் சுற்றும், கீழே பெல்ட் மெதுவாக நகரும், நூல் போக இடமில்லாமல் நெளிந்து நெளிந்து விழும். அந்தச் சுருள் அழகுக்கு வைத்ததில்லை, இழைகளுக்கு நடுவே ஆவியும் எண்ணெயும் தண்ணீரும் புகுவதற்கு. அப்புறம் ஆவிச் சுரங்கம், இட்லி மாதிரி அங்கே வேகும். வெளியே வந்ததும் அளவாக வெட்டி இரண்டாக மடிப்போம் (கட்டியைப் பிரித்தால் புத்தகம் மாதிரித் திறக்குமே, அந்த மடிப்பு). பிறகு மூடி போட்ட அச்சில் வைத்து 150 டிகிரிக்குச் சற்று மேலே எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிஷம். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பிய்த்துக்கொண்டு போகிற வழியெல்லாம் நுண்ணிய ஓட்டை விழும். நீ வெந்நீர் ஊற்றும்போது அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் திரும்பி வருகிறது. ஆக நீ சமைக்கவில்லை, போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறாய். 1958-ல் ஜப்பானில் மோமோஃபுகு அண்டோ கொல்லைப்புறக் கொட்டகையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததும் இந்தப் பொரிக்கிற வித்தையைத்தான்.

ஊட்டி 2,200 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு நேரம் கெட்டிலை வைத்தாலும் சூடேறாது. ஜில்லென்ற கிண்ணத்தில் ஊற்றியதும் அதிலும் பத்து டிகிரி போச்சு. வெளி இழை ஊறும், மடிப்புக்கு நடுவே ஆறின தண்ணீர்தான் போய்ச் சேரும். அதனால் கிண்ணத்தை விட்டுவிட்டு ஹாட் பாக்ஸ் எடு. முதலில் வெறும் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டு. கட்டியை மடிப்பில் இரண்டாகப் பிரித்துப் போடு. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடி, ஆறேழு நிமிஷம் திறந்து பார்க்காதே.

ஈப்போ அக்கா:
ஷிப்ட்காரர் சொன்னதைப் படித்ததும்தான் எங்கள் மலேசியாவில் மாமாக் கடைக்காரர் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) செய்வது புரிகிறது. மேகி கோரெங் (சட்டியில் பிரட்டிய நூடுல்ஸ்) கேட்டால் நூடுல்ஸை வெந்நீரில் காட்டி, சுருள் லேசாக அவிழ்ந்ததுமே வடித்துவிடுவார், பார்த்தால் பாதிகூட ஊறியிருக்காது. பிறகு புகைகிற சட்டியில் பூண்டு, மிளகாய் விழுது, முட்டை, தவு (சோயாக் கட்டி), முளைப்பயறு, கிச்சாப் (சோயா சாஸ்) எல்லாம் போட்டுப் புரட்டும்போது மிச்சத்தை அந்தச் சாறிலேயே குடித்துக்கொள்ளும். முழுசாக ஊறவைத்துப் போட்டால் சட்டியில் களிதான். மைனா, ஹாஸ்டலில் இதெல்லாம் முடியாது, ஆனாலும் மசாலாவை முதலிலேயே போடாமல் கடைசியில் தண்ணீரை வடித்துவிட்டுப் பிசறிப் பார், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து.

மலைமைனா:
நேற்று செய்தேன். ஹாட் பாக்ஸ் இல்லை, ரூம்மேட்டின் எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன், ஸ்வெட்டரில் சுற்றி வைத்தேன். நடுவில் நன்றாக ஊறியிருந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூடி இறுகிக்கொண்டு, மூன்று பேர் மாறி மாறி இழுத்துத் திறப்பதற்குள் எல்லாமே கூழாகிவிட்டது.

பழைய ஷிப்ட்காரன்:
மூடிமேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றியிருந்தால் கழன்றிருக்குமே. அடுத்த தடவை அழுத்தி மூடாமல் தட்டைக் கவிழ்த்து வை.