ட்ரெக்கானி கலைக்களஞ்சியம்: ஃபாசிசத்தின் பிள்ளையா, அறிஞர்களின் உழைப்பா?

கரிசல்காடன்:
இத்தாலியின் ட்ரெக்கானி நிறுவனம் என்றாலே அறிவுலகக் கோயில் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அது வெளியிட்ட இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் 1932இல் வந்த 14ஆம் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். 'ஃபாசிசம்' கட்டுரைக்குக் கீழே பெனிட்டோ முசோலினியின் பெயர்! அதில் கொள்கை விளக்கும் பகுதியை உண்மையில் எழுதிக்கொடுத்தவர் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியரான தத்துவ அறிஞர் ஜொவான்னி ஜென்டீலே. முசோலினி அரசின் முதல் கல்வி அமைச்சரும் அவரே. ஆள்பவர் தன் புகழைத் தானே பாடிக்கொள்ள, அதை அச்சடித்துக் கொடுப்பதற்குப் பெயர் அறிவுப்பணியா?

ஏட்டுச்சுவடி:
35 தொகுதிகளில் ஒரு கட்டுரையைக் காட்டி மொத்தத்தையும் குப்பையில் போடச் சொல்கிறீர்கள். 1925இல் ரோமில் இதைத் தொடங்கியது அரசு இல்லை ஐயா. ஜவுளித் தொழிலதிபர் ஜொவான்னி ட்ரெக்கானி தன் பணத்தைப் போட்டார். 1929இல் முதல் தொகுதி, 1937இல் 35ஆவது. எழுதியவர்கள் மூவாயிரம் பேருக்கு மேல்.

அந்தப் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன்தான். ரோம வரலாற்றறிஞர் கயெத்தானோ தே சாங்க்டிஸ் அவர்களில் ஒருவர். பல்கலைக்கழக வேலை போனது. கலைக்களஞ்சியத்தின் பண்டைக்காலப் பிரிவு மட்டும் அவர் கையிலேயே இருந்தது. உறுதிமொழியை மறுத்த இன்னொருவரான கீழைமொழி அறிஞர் ஜார்ஜோ லெவி டெல்லா வீதாவும் தொடர்ந்து எழுதினார். கணிதப் பிரிவு ஃபெதெரிகோ என்ரிக்வெஸ் என்ற யூதரிடம். இவர்கள் யாரையும் ஜென்டீலே விரட்டவில்லை.

கரிசல்காடன்:
விரட்டாமல் விட்டது பெருந்தன்மை என்கிறீர்களா? நல்ல பெயர்கள் நாலு பேர் கூட இருந்தால்தானே முசோலினி கட்டுரைக்கும் மரியாதை கிடைக்கும்! தத்துவ அறிஞர் பெனதெத்தோ குரோச்சே இதைப் புரிந்துகொண்டவர். 1925இல் ஜென்டீலே ஃபாசிச அறிவாளிகளின் அறிக்கையை வெளியிட்டதும், எதிரறிக்கை எழுதியவர் அவர். கலைக்களஞ்சியத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மழைக்காகிதம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே திருச்சபையை மறந்துவிட்டீர்கள். மதம் சார்ந்த கட்டுரைகளைச் சரிபார்க்க இயேசு சபைத் துறவி தக்கி வெந்தூரி இருந்தார். முசோலினிக்கும் வத்திக்கானுக்கும் நடுவே தூது போனவரும் இவர்தான். கத்தரிக்கோல் ஒரே கையில் இல்லை.

ஏட்டுச்சுவடி:
மறுக்கவில்லை. ஆனால் கதை 1937இல் முடிந்துவிடவில்லையே. போருக்குப் பிறகு நிறுவனத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அதே தே சாங்க்டிஸ். 1993இல் ரீட்டா லெவி-மொந்தால்சீனி தலைவரானார். 1938இன் இனச் சட்டங்களால் தூரின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டு, பின்னாளில் நோபல் வாங்கியவர். இத்தாலியரின் வாழ்க்கை வரலாற்று அகராதியை 1960இல் தொடங்கி, 2020இல் 100ஆவது தொகுதியோடு முடித்திருக்கிறார்கள். பிரச்சாரத்துக்காக மட்டும் பிறந்த ஒன்றுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது.

கரிசல்காடன்:
அகராதிக்கு நானும் தலை வணங்குகிறேன். என் கேள்வி கலைக்களஞ்சியத்தின் பிறப்பைப் பற்றி. 1933இல் அரசு ட்ரெக்கானியின் அமைப்பைத் தேசிய நிறுவனமாக்கியது, வானொலிப் புகழ் மார்க்கோனியைத் தலைவராக உட்கார வைத்தது. 1944 ஏப்ரலில் ஃப்ளாரன்சில் ஜென்டீலேயைச் சுட்டுக் கொன்ற ஃபாசிச எதிர்ப்புப் போராளிகள் கண்ணுக்கு அவர் பதிப்பாசிரியராகத் தெரியவில்லை, கடைசிவரை முசோலினியோடு நின்ற ஆளாகத்தான் தெரிந்தார். அந்த ஆட்சிக்கு ஒரு வரிகூட எழுதித் தராத குரோச்சே பக்கம்தான் நான்.

ஏட்டுச்சுவடி:
குரோச்சே பக்கம் நிற்பது சுலபம். அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. பேராசிரியர் வேலையில் இல்லாததால் 1931 உறுதிமொழியை அவரிடம் யாரும் நீட்டவும் இல்லை. தே சாங்க்டிஸிடம் நீட்டினார்கள். அவர் மறுத்தார், வேலையை இழந்தார், மிச்சமிருந்த ஒரே மேசையில் உட்கார்ந்து கிரேக்கத்தையும் ரோமையும் பற்றி எழுதினார். அவரையும் முசோலினியின் கூலிப்பட்டியலில் சேர்ப்பீர்களா?