ஸ்கோப்பில் தெரிந்த கடுகு

மாணவர்களுக்குக் குடல் ஸ்கோப் (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) காட்டிப் பாடம் எடுக்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். நாலாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் என் பின்னால் நிற்கிறார்கள், படுக்கையில் 68 வயது அம்மா ஒருவர். மலப் பரிசோதனை பாசிட்டிவ் வந்ததால் அனுப்பியிருந்தார்கள், 50 வயது தாண்டியவர்கள் வீட்டிலேயே எடுத்து அனுப்புவார்களே, அதுதான். "பழைய மூலம் டாக்டர், அதுலேர்ந்துதான் வந்திருக்கும்" என்று நாலு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் பரிசோதனை தேடுவது மனித ரத்தத்தை, முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறிக்கெல்லாம் அது ஏமாறாது, பாசிட்டிவ் வந்தபிறகு மூலம் என்று நாமே தீர்ப்புச் சொல்வதும் தப்பு, எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போம் என்று நழுவுவதும் தப்பு, அடுத்தது ஸ்கோப்தான் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

இப்போது திரையில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து பார்க்கிறது, கட்டி போல ஏதாவது தெரிந்தால் பச்சைக் கட்டம் போடும். மாணவர்களுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. கட்டம் விழுந்தது, மூவரும் ஒன்றாக முன்னால் சாய்ந்தார்கள், நான் தண்ணீர் அடித்தேன், கட்டி உருண்டு ஓடியது. கடுகு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று. சிரிப்பு வரத்தான் செய்தது, ஆனால் வலப்பக்கம் போகப் போகக் குடல் சுவரே தெரியவில்லை, மஞ்சளாகப் பசை மாதிரி அப்பிக் கிடந்தது. எவ்வளவு கழுவியும் தேறவில்லை, பாதியில் நிறுத்தினேன்.

மயக்கம் தெளிந்ததும் மாணவர்களில் தமிழ் தெரிந்த பையனைப் பேசச் சொன்னேன். ஸ்கோப்புக்கு முன்னால் என்ன சாப்பிடலாம் என்று கொடுத்த தாளில் இருந்ததை அந்த அம்மா ஒன்றுவிடாமல் செய்திருக்கிறார், அதுதான் வேடிக்கை. வெள்ளை ரொட்டி, மீன் கஞ்சி, தோஃபு, தெளிந்த சூப் என்று போட்டிருந்தது. ரசம் தெளிவாகத்தானே தம்பி இருக்கு என்கிறார். காய், பழம், கொட்டை கூடாது என்று தாள் சொன்னது, தாளிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குடலைக் கழுவும் மருந்தையும் முழுசாக முந்தின ராத்திரியே குடித்துவிட்டார். பாதியை மாலையிலும் மீதியை விடியற்காலை நாலு மணிக்கும் குடிக்க வேண்டும், ஆனால் அவர் அந்த நாலு மணியை அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டார். யார் எழுந்து குடிப்பார்கள், நியாயம்தானே? ஆனால் ராத்திரியோடு நிறுத்தினால், காலைக்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் சாறு வலப்பக்கத்தில்தான் படியும். தட்டையான பாலிப்புகள், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டிகள், ஒளிந்துகொள்ளவும் அந்த இடம்தான் வசதி. பச்சைக் கட்டம் திரையில் தெரிவதைத்தான் காட்டும், அழுக்குக்கு அடியில் இருப்பதை அது எங்கே பார்க்கும்.

அந்தப் பையன் உட்கார்ந்து நம் சாப்பாட்டுக்கென்று ஒரு தாள் எழுதினான்: இட்லி சரி, பொடி வேண்டாம், ரசத்தை வடிகட்டி, தாளிக்காமல், தயிர்சாதம் கடுகு இல்லாமல், கீரை, முருங்கை, சுண்டல் தொடவே கூடாது. நான் எடுத்த பாடத்தைவிட அது உருப்படியானது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். குடல் கண்ணாடி மாதிரி இருந்தது. பெருங்குடல் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே 7 மில்லிமீட்டரில் தட்டையாக ஒரு பாலிப். 10-க்குக் கீழே என்பதால் மின்சாரம் வைக்காமல் வெறும் கம்பி வளையத்தால் அறுத்து எடுத்தோம்.

இதைப் படித்துவிட்டு, சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து ஒருவர்:

நான் டாக்டர் இல்லை, மருத்துவ மாணவர்களின் தேர்வில் நோயாளியாக நடிக்கிறவள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நல்ல பொழுதுபோக்கு. ஒருமுறை மேல்வயிற்று வலி என்று வேடம் கொடுத்தார்கள். "மலம் கறுப்பாகப் போகிறதா?" என்று எல்லாருமே கேட்டார்கள், ஆமாம் என்றேன், எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவினார்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பாகத்தான் போகும், அதை ஒரே ஒரு பெண்தான் யோசித்தாள். தார் மாதிரி ஒட்டுகிறதா, நாற்றம் தாங்க முடியவில்லையா, என்னென்ன மாத்திரை என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "டாக்டர் கொடுக்காத மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா ஆன்ட்டி?" என்றாள். என் வேடத்தின் ரகசியமே அதுதான், ஊரிலிருந்து தங்கை கொண்டுவந்த முட்டிவலி மாத்திரை, யாராவது நேராகக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். அது இரைப்பையில் புண் வைத்து ரத்தம் கசியவைக்கும் என்று பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். வீட்டுக்கு வந்து என் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன், அதே அட்டை, பாதி காலி. அது நடிப்பில்லை.

மாணவன் ஒருவன்:

எங்கள் வகுப்பில் ஹெலிகோபாக்டர் பைலோரி, அதாவது இரைப்பையில் புண் வைக்கும் கிருமி, பற்றிய பாடம் யாருக்கும் மறக்காது. ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார், 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார், இதெல்லாம் தலைகீழாகச் சொல்வேன். அப்பாவுக்கு மூச்சுப் பரிசோதனை எழுதிக்கொடுத்தபோது நான்தான் வீட்டில் பெரிய விளக்கம் கொடுத்தேன்: யூரியா கலந்ததைக் குடிக்க வேண்டும், கிருமி இருந்தால் அதை உடைக்கும், உடைந்தது மூச்சில் வரும், பையில் ஊதினால் போதும். நெகட்டிவ் வந்தது. ஆனால் அப்பாவுக்கு நெஞ்சு கரிப்பு நிற்கவே இல்லை. அப்புறம் அம்மா சொல்கிறார், பரிசோதனைக்கு முந்தின நாள் வரைக்கும் கேஸ்ட்ரிக் மாத்திரையை விடாமல் சாப்பிட்டாராம். அந்த மாத்திரையை, ஒமிப்ரசோலை, இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், இருந்தும் இல்லை என்று காட்டும். அதே பாடத்தில், அதே பக்கத்தில் இருந்த வரி. நோபல் பரிசு மட்டும் ஞாபகம் இருந்தது.

இரண்டு வாரம் விட்டு மறுபடி ஊதினார், பாசிட்டிவ். 14 நாள் மாத்திரை. வாயெல்லாம் தகரம் மாதிரி கசக்க, கீழே காப்பிக்கடைக்காரர் கோப்பித்தூளை மாற்றிவிட்டார் என்று அவரோடு சண்டை வேறு. இப்போது கிருமி போய்விட்டதா என்று பார்க்க இன்னொரு மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. ஒமிப்ரசோலை அம்மா அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.