நாற்பதில் ப்ரீமெட்: வயதைத் தவிர எல்லாம் கேட்டார்கள்

நியூ ஜெர்சியில் பதினான்கு வருடமாக டெஸ்டிங் வேலை. கோயம்புத்தூரில் பி.இ. முடித்தவள். போன வருடம் 40 ஆனதும் போஸ்ட்பேக் ப்ரீமெடுக்கு (டிகிரிக்குப் பிறகு மெடிக்கல் காலேஜுக்குத் தயாராகும் படிப்பு) விண்ணப்பித்தேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இங்கே மெடிக்கல் காலேஜ் போக பொதுவாக முதலில் ஒரு டிகிரி வேண்டும், அதற்குள்ளேயோ தனியாகவோ உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக், இயற்பியல் நான்கையும் லேபோடு ஒவ்வொன்றையும் ஒரு வருடம் படித்திருக்க வேண்டும். வேறு துறையிலிருந்து வருகிறவர்கள் அதை மட்டும் முடிக்கத்தான் இந்த போஸ்ட்பேக். நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1955-லிருந்து நடக்கிறது. ப்ரின் மார் மாதிரி சின்ன கல்லூரிகளில் சுமார் ஒரு வருடத்தில் பிழிந்து எடுத்துவிடுவார்கள்.

நான் பயந்தது வயதுக்கு. வயதை ஒருத்தரும் கேட்கவில்லை. முதல் வருட எஞ்சினியரிங் கெமிஸ்ட்ரியில் வாங்கிய 91 மார்க்கைப் பெருமையாகக் காட்டினேன். பாய்லரில் உப்பு படிவது, தண்ணீரின் கடினத்தன்மை, இடிடிஏ டைட்ரேஷன்... இங்கே அது கணக்கிலேயே இல்லை. வெளிநாட்டு மார்க் மெடிக்கல் விண்ணப்பத்தின் சராசரியில் சேராது, பெரும்பாலான மெடிக்கல் காலேஜ்களுக்கு இந்தப் பாடங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்ததாக இருக்க வேண்டும். ஆக, நான் பிளஸ் டூ முடித்த பிள்ளை மாதிரிதான்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். பழைய எச்ஓடியை வாட்ஸ்அப்பில் தேடிப் பிடித்தேன். "ஏம்மா, இத்தனை வருசம் கழிச்சு இது எதுக்கு?" என்றார், ஆனால் இரண்டே நாளில் அனுப்பிவிட்டார். கல்லூரி அலுவலகத்திலிருந்து சீல் வைத்த கவரில் மார்க் ஷீட் வரத்தான் நாலு மாதம்.

நேர்காணலில் ஒரு அம்மாள் நேரடியாகக் கேட்டார்: "ஏன் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பார்த்து மருந்து எழுதித் தரும் நர்ஸ்) ஆகக் கூடாது? சீக்கிரம் முடியுமே?" நியாயமான கேள்விதான். அப்பாவின் பைபாஸ் பற்றி ஒரு உருக்கமான பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "முடிவெடுக்கிற இடத்தில் நான் இருக்கணும், அதுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள், அந்த அம்மாள் இருந்த இடத்தில் கிடைத்தது.

*

அக்கா, நான் டெக்சஸ், வயது 36. என் கதை வேற மாதிரி. இங்கேயே எம்.எஸ்., ஜிபிஏ (மார்க் சராசரி) நாலுக்கு 3.9, இது போதும் என்று நினைத்தேன். மாஸ்டர்ஸ் மார்க்கைத் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள், இளநிலை சராசரியில் ஏறாது. அதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு மூன்று சயின்ஸ் பாடம் எடுத்துவிட்டேன், "பாதி முடித்தவர்களை நாங்கள் எடுப்பதில்லை" என்று ஒரு ப்ரோகிராம் திருப்பி அனுப்பிவிட்டது. யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் விதியைப் படித்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.

இப்போது ஸ்டேட் யுனிவர்சிட்டியில் நானே பாடம் பாடமாக எடுக்கிறேன். செவ்வாய் ராத்திரி ஆர்கானிக் லேப். கண்ணாடிக்கு மேலே காகிள்ஸ், பத்து நிமிஷத்தில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. என் லேப் பார்ட்னர் 20 வயசுப் பையன், என்னை "சார்" என்கிறான், பீக்கரைக் கழுவ மட்டும் என்னிடம்தான் தள்ளுகிறான்.

*

நான் இந்த டாக்டர் யோசனையையே விட்டவள், அதையும் பதிந்து வைக்கிறேன். 47-ல் கணக்குப் போட்டேன். பாடங்கள் இரண்டு வருடம், எம்கேட் (மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வு) எழுதி விண்ணப்பித்துக் காத்திருக்க ஒன்று, மெடிக்கல் காலேஜ் நாலு, அதன் பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக ரெசிடென்சி குறைந்தது மூன்று. அதிலும் வாரம் 80 மணி நேரம் வரை வேலை. 57. கடன் வேறு. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கால்குலேட்டரைத்தான் என் பக்கம் நகர்த்தி வைத்தார். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ளும் வாலண்டியர் வேலையை மட்டும் விடவில்லை.

*

முதலில் எழுதிய நியூ ஜெர்சிக்காரிதான். சித்தப்பா பெண் ஒருத்தி என்னிடமும் இதே கணக்கைப் போட்டுக் காட்டினாள். கூட்டல் சரிதான். திங்கட்கிழமை பொது வேதியியல் முதல் வகுப்பு, புத்தகம் வாங்கியாச்சு, என் மகள் உறை போட்டுக் கொடுத்தாள்.