மறு: பள்ளி விளையாட்டில் 'கிளாசிஃபிகேஷன்': தமிழில் என்ன சொல்லலாம்?

> 'தர வகைப்பாடு' போதுமே? இல்லாவிட்டால் 'சேர்க்கைப் பிரிவு', எடைப் பிரிவு மாதிரி.

வணக்கம் நண்பர்களே,

'தரம்' வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிப்பது (இதுதான் 'கிளாசிஃபிகேஷன்') தலைகளை எண்ணித்தான். பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் என்ற அமைப்பு ஈராண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் எத்தனை மாணவர் என்று கணக்கெடுத்துக் கோடு போடுகிறது. 2024இல் போட்ட கோட்டின்படி 6ஏ-வுக்குக் குறைந்தது 2,275 பேர் வேண்டியிருந்தது. 1ஏ பள்ளியில் 105 பேர்கூட இல்லை. அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொருவரைத் திரட்டுவதே பாடு என்பதால் அங்கே அறுவர் ஆட்டம். அந்தப் பள்ளியை 'முதல் தரம்' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்!

'சேர்க்கைப் பிரிவு' காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. வயதுப் பிரிவு, எடைப் பிரிவு எல்லாம் நம் பள்ளி மைதானங்களில் புழங்கும் சொற்கள்தானே. ஆனால் டெக்சஸ் கால்பந்தில் ஒரே 6ஏ-வுக்குள் டிவிஷன் 1, டிவிஷன் 2 என்று இரண்டு கோப்பைகள் உண்டு. 'பிரிவு' அதற்கு வேண்டும். தவிர, எல்லா மாநிலமும் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. இல்லினாய்ஸில், இன்ன பகுதி மாணவர்தான் சேரலாம் என்ற எல்லை இல்லாத பள்ளிகளின், அதாவது பெரும்பாலும் தனியார் பள்ளிகளின், மாணவர் எண்ணிக்கையைப் பொதுவாக 1.65ஆல் பெருக்குகிறார்கள் (இதற்குப் 'பெருக்கெண்' சரியாக வரும்). இண்டியானாவில் தொடர்ந்து ஜெயிக்கும் அணி, பள்ளி எவ்வளவு சிறியதானாலும் மேலே தள்ளப்படுகிறது.

அந்த இண்டியானாவில்தான் 1997 வரை கூடைப்பந்துக்கு இப்படிப் பாகுபாடே கிடையாது. 1954இல் 161 மாணவர் படித்த மைலன் பள்ளி, பெரிய பள்ளியான மன்சி சென்ட்ரலை 32-30 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. பிரித்தது அநியாயம் என்று பழைய ரசிகர்கள் புலம்ப இந்த ஓர் ஆட்டம் போதும். ஆனால் அப்படி ஜெயித்த சின்னப் பள்ளிகள் எத்தனை? என் ஓட்டு பிரிப்பதற்கே.

ஆக, எதை வைத்துப் பிரித்தாலும் பொருந்தும் சொல் வேண்டும். 'போட்டியடுக்கு' என்று முன்மொழிகிறேன். 6ஏ அடுக்கு, மேலடுக்குக்கு ஏறியது, கீழடுக்குக்கு இறங்கியது என்று இயல்பாக எழுதலாம். மேல் கீழ் என்ற தொனி வருகிறதே என்றால், அங்கேயும் அப்படித்தான் பேசுகிறார்கள். யுஐஎல் ஆவணங்களில் இதற்குக் 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். தயவுசெய்து யாரும் 'மாநாடு' என்று எழுதிவிடாதீர்கள்.

ஈராண்டுக்கு ஒருமுறை கோட்டை மாற்றிப் போடுகிறார்களே, அந்த 'ரீஅலைன்மென்ட்'டுக்குப் புதிதாக யோசிக்கவே வேண்டாம். தலைக்கணக்கை வைத்து எல்லையை மாற்றிப் போடுவதற்குத் 'தொகுதி மறுவரையறை' என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'அடுக்கு மறுவரையறை' என்றால் புரிந்துவிடும். அங்கேயும் அறிவிப்பு வரும் நாளில் இதே கூச்சல்தான்.

இழுபறி 'டிஸ்ட்ரிக்ட்'டில். ஒரே அடுக்கில், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்துத் தங்களுக்குள் ஆட விடும் குழு அது. 'மாவட்டம்' என்றால் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. இப்போதைக்கு 'ஆட்டவட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. வேறு சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.