சுங்கை சிப்புட்டில் இரண்டரை ஏக்கர்: நம்மாட்கள் சேர்ந்து 24 வீடும் 6 கடையும் கட்ட முடியுமா?

பால்மரத்தான்

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட் பட்டண ஓரத்தில், பழைய தோட்டச் சாலையை ஒட்டி இரண்டரை ஏக்கர் நிலம். கிராண்டில் (நிலப் பட்டாவில்) 'ஷராட் ஞாத்தா', அதாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, ரப்பர். பெயர் இன்னும் காலமான பெரியவருடையதுதான். வாரிசுகள் 9 பேர். முன்பக்கம் மாத வாடகையில் மூன்று பலகைக் கடைகள்: சலூன், பூக்கடை, சாப்பாட்டுக்கடை. ஐந்து பேர் சேர்ந்து சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) தொடங்கி 24 லிங்க் (வரிசை) வீடும் 6 இரட்டைமாடிக் கடையும் கட்ட நினைக்கிறோம். வேலை நம் வட்டாரச் சின்னக் கன்ட்ராக்டர்களுக்குப் போகவேண்டும், அந்த மூன்று கடைக்காரர்களும் புதுக் கட்டடத்தில் இருக்கவேண்டும். எதில் தொடங்குவது?

கல்லும் சங்கிலியும்

பிளான் வரைபவரிடம் போகாதீர்கள், முதலில் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வ காரியான் (நிலப் பதிவுத் தேடல்) எடுங்கள். மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா, 'செகாத்தான் கெபெந்திங்கான்' (விற்க, கைமாற்றத் தடை) இருக்கிறதா, யாராவது கேவியட் (பதிவைத் தடுக்கும் ஆட்சேபம்) போட்டிருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். அதோடு அரசின் ஐ-பிளான் நில வரைபடத் தளத்தில் லோட் எண்ணைத் தட்டி உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பாருங்கள். விவசாயம் என்றே இருந்தால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

பெரியவர் பெயரில் கிராண்ட் இருக்கும்வரை எந்த மனுவும் நகராது. மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் என்றால், உயில் இல்லாத பட்சத்தில், பூசாக்கா கெச்சில் (சிறு சொத்து) பிரிவில் 'ஏ' பாரம் போடுங்கள். பெயர் மாறியதும் 9 பேரும் பிரிக்காத பங்குக்காரர்கள் ஆவார்கள். சிக்கலே அங்கேதான். நிலப் பயன்பாட்டு மாற்ற மனுவில் ஒன்பது கையெழுத்தும் வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டால் மனு நிற்கும். கோபத்தில் ஒருவர் தனியார் கேவியட் போட்டுவிட்டால் அது 6 ஆண்டு வரை உட்கார்ந்திருக்கும்.

அதனால் பவர் ஆஃப் அட்டர்னியை நம்பி ஓட்டாமல், நிலத்தை ஆரம்பத்திலேயே கம்பெனிக்கு மாற்றி வாரிசுகளுக்குப் பங்கு கொடுப்பது மேல். மதிப்பு 10 லட்சம் என்றால் முத்திரை வரி 24,000 வெள்ளி. கசக்கும்தான், ஆனால் பாதியில் நிற்கும் வேலையின் வட்டியைவிடக் குறைவு. அதற்குப் பிறகு தேசிய நிலச் சட்டம் 124ஏ பிரிவின் கீழ் பயன்பாட்டு மாற்றத்தையும் லோட் பிரிப்பையும் ஒரே மனுவில் கேட்கலாம். பிரீமியம் (அந்த மாற்றத்துக்கு அரசுக்குக் கட்டும் தொகை) நோட்டீஸ் வந்தால் கெடு தேதிக்குள் கட்டவேண்டும், தவறினால் ஒப்புதல் செத்துவிடும். காசு கையில் இருக்கும்போது மட்டும் மனு போடுங்கள்.

மஞ்சள் ஹெல்மெட்

பிளானிலேயே ஒரு பொறி இருக்கிறது, கவனித்தீர்களா? கழிவுநீர்க் கணக்கில் வீட்டுக்கு 5 பேர் என்று 24 வீட்டுக்கு 120. கடைக்கு 100 சதுர மீட்டருக்கு 3. ஒரு மாடி 130 சதுர மீட்டர் என்று வைத்தால் 6 இரட்டைமாடிக் கடை 1,560 சதுர மீட்டர், அதாவது 47. மொத்தம் 167. 150-ஐத் தாண்டினால் தனித்தனி செப்டிக் டேங்க் போதாது, சுத்திகரிப்பு நிலையம் கேட்பார்கள். அதற்கு நிலம், சுற்றி இடைவெளி, பராமரிப்பு என்று நாலைந்து வீட்டு மனை போய்விடும். கடையை ஒரே மாடியாக்கினால் 144. பக்கத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடினால் கதையே வேறு. கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரிடம் முதல் வாரமே கேளுங்கள்.

கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் ஓஎஸ்சி என்ற ஒரே முகப்பில்தான் கெபெனாரான் மெரன்சாங் (திட்ட அனுமதி) மனு போகும். கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி. காசு சேரட்டும் என்று அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளை

மஇகா முன்னாள் தலைவர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர்தானே! பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில், 1960-இல், தொழிலாளர்களிடம் பணம் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே. அதே மாதிரி ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்துச் செய்யலாமே?

வரவு செலவு

தம்பி, அந்தக் கூட்டுறவு வாங்கியது ஓடிக்கொண்டிருந்த தோட்டங்களை. வாங்கிய மறுநாளே பால் வெட்டி வருமானம் வந்தது. கட்டட நிலத்தில் விற்கும்வரை ஒரு காசு வராது, செலவு மட்டும் ஓடும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கூட்டுச் சொத்து என்ற எண்ணத்தை மட்டும்.

இப்போது பணம். நான்கு வீட்டுக்கு மேல் கட்டினால் 1966 வீடமைப்புச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ், விளம்பர பெர்மிட் இரண்டும் தேவை. மதிப்பிட்ட கட்டுமானச் செலவில் 3% முன்பணமாக முடங்கும். லைசென்ஸைத் தப்பிக்க நாலு நாலாக உடைத்துக் கட்டலாம் என்று காபிக்கடையில் சொல்வார்கள். ஒரே நிலம், ஒரே கம்பெனி என்றால் அது ஒரே திட்டமாகத்தான் பார்க்கப்படும்.

வீடு விற்கச் சட்டம் வகுத்த 'ஜி' அட்டவணை ஒப்பந்தத்தில் பணம் வரும் வேகத்தைப் பாருங்கள். கையெழுத்துக்கு 10%, அஸ்திவாரம் 10, தூண்-பீம் 15, சுவர் 10, கூரையும் வயரிங்கும் 10. வீடு வீடாகத் தெரியும்போது கையில் 55%தான். பூச்சுக்கு 10, கழிவுநீர், வடிகால், சாலைக்கு இன்னொரு 10. சாவி கொடுக்கும்போது வருவது 17.5%, அதற்குத் தண்ணீரும் மின்சாரமும் இணைக்கத் தயாராக இருக்கவேண்டும். மிச்சத்தில் 5% வக்கீலிடம் நிற்கும்; சின்னக் கம்பெனிகள் மூச்சு முட்டுவது இந்தக் கடைசி இடுக்கில்தான்.

தாமதமாக ஒப்படைத்தால் வாங்கியவருக்குத் தரவேண்டிய ஈட்டின் கணக்கு: 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு ஆண்டுக்கு 10%, நாளுக்கு 82 வெள்ளி. 24 வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,970. வீட்டை ஒப்படைக்க உள்ள 24 மாதக் கெடு புக்கிங் பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடும் என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெர்மிட் வருமுன் 'சும்மா ஆயிரம்' வாங்குவது சட்ட மீறல், அதோடு கடிகாரத்தை நீங்களே முடுக்கி வைப்பது போல.

பூமிபுத்ரா ஒதுக்கீடும் தள்ளுபடியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 30% என்று வைத்தால் 24-இல் 8 வீடு. அவை விற்காமல் நின்றால் விடுவிப்பு மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த 8 வீட்டுப் பணம் கடைசியில்தான் வரும் என்றே கணக்குப் போடுங்கள்.

பால்மரத்தான்

நன்றி அண்ணே. சின்னக் கன்ட்ராக்டர்கள், பழைய கடைக்காரர்கள் விஷயம்?

மஞ்சள் ஹெல்மெட்

கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபி கன்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கும் தரத்தில் ஜி1 என்றால் 2 லட்சம், ஜி2 என்றால் 5 லட்சம், ஜி3 என்றால் 10 லட்சம் வெள்ளி வேலை வரைதான். மொத்த வேலையையும் ஒரே டெண்டராக விட்டால் நம் ஆட்கள் கதவுக்கு வெளியேதான் நிற்பார்கள். மண் வேலை, வடிகால், சாலை, வேலி என்று பிரித்துக் கொடுங்கள்.

பிரித்தால் வரும் ஆபத்து: சிசிசி (கட்டடம் முடிந்தது, குடியேறலாம் என்ற சான்றிதழ்) கிடைக்க 'ஜி' பாரங்கள் 21 இருக்கின்றன, வேலைக்கு உரியவற்றில் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட வேண்டும். அஸ்திவாரம் போட்டவர் சண்டை போட்டுப் போய்விட்டால், அடுத்து வருபவர் மண்ணுக்குள் இருப்பதற்குக் கையெழுத்துப் போடமாட்டார். ஒவ்வொரு கட்டப் பணமும் அந்தக் கட்டத்தின் பாரத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணத்தையும் இழுத்தடிக்காதீர்கள். 'எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்' என்ற விதி 2012-இன் சிப்பா என்ற கட்டுமானக் கட்டணச் சட்டத்தில் செல்லாது. இந்தியச் சிறுதொழில்காரர்களுக்கான ஸ்புமி கடன் நிலம் வாங்க உதவாது, ஆனால் அந்தக் கன்ட்ராக்டர்களின் நடப்பு மூலதனத்துக்கும் கடைக்காரர்கள் புதுக் கடையை அலங்கரிக்கவும் மனு செய்யலாம்.

கல்லும் சங்கிலியும்

கடைக்காரர்களுக்கு வாய்வார்த்தை கொடுக்காதீர்கள். கடை லோட்டை முதலீட்டாளருக்கு விற்ற மறுநாளே பூக்கடை அக்கா வெளியே. உடைப்பதற்கு முன்பே எந்தக் கடை, எத்தனை சதுர அடி, என்ன வாடகை, இடைக்காலத்தில் எங்கே வியாபாரம் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 3 ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தைக் கிராண்டில் குறிப்பாக ஏற்றலாம், அதன் பிறகு வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். அதற்கு மேல் காலம் வேண்டுமென்றால் லீஸாகப் பதியவேண்டும். இன்னும் நல்லது, ஆறில் மூன்று கடையை விற்காமல் கம்பெனியே வைத்துக்கொள்வது. ஆனால் அந்த மூன்று கடையின் விற்பனைப் பணம் வராது என்பதை வங்கிக்குக் காட்டும் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்.