என்.எஸ்.ஏ. கை பட்ட லினக்ஸை எப்படி நம்புவது?

கல்லுளிமங்கன்: மூலநிரலை யாரும் படிக்கக்கூடிய இயங்குதளமான லினக்ஸைப் போட்டுவிட்டால் அரசு எட்டிப்பார்க்காது என்று சிலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதற்குள் இருக்கும் எஸ்.இ.லினக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதியை யார் எழுதியது? அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. அதை 2000 டிசம்பரில் வெளியிட்டது, 2003-இல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் வந்தது. உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அதுதான் காவல். விண்டோஸ் மேல் இருக்கும் சந்தேகம் இதன் மேல் மட்டும் ஏன் வரவில்லை?

நிரல்மொழியாள்: வராமல் என்ன! என்.எஸ்.ஏ. பெயர் தெரிந்ததால்தான் அந்த நிரலைப் பல வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அதே அமைப்பு வடிவமைத்த ஸ்பெக் என்ற குறியாக்க முறை 2018-இல் கர்னலில் சேர்ந்தது. முணுமுணுப்பு கிளம்பியது, அதைச் சேர்க்கச் சொல்லியிருந்த கூகுளே வேறு முறைக்குப் போனது, அதே வருடம் தூக்கிவிட்டார்கள். மூடிய தளமாக இருந்தால் அது வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது.

கல்லுளிமங்கன்: இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012-இலிருந்து இரண்டு வருடம் கிடந்தது. கட்டளைகளை இயக்கும் பாஷில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை 1989-இலிருந்து 25 வருடம். கதவு என்னவோ திறந்துதான் இருந்தது, உள்ளே போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கர்னல் மூன்று கோடி வரிகளுக்கு மேல். நீங்கள் எத்தனை வரி படித்திருக்கிறீர்கள்?

நிரல்மொழியாள்: வன்பொருளை இயக்கும் ஒரு டிரைவர் நிரலில் நூறு வரி, அதுவும் வைஃபை வேலை செய்யாத கோபத்தில். நான் படிக்கிறேனா என்பதல்ல கேள்வி, படிக்க நினைப்பவரைத் தடுக்க முடியுமா என்பதுதான்.

2003 நவம்பரில் கர்னல் நிரலைச் சி.வி.எஸ். என்ற களஞ்சியத்தில் வைத்திருந்த நகலில் யாரோ இரண்டு வரி நுழைத்தார்கள். பார்த்தால், பயனர் எண் பூஜ்யமா என்று சோதிப்பது போல இருக்கும். சோதிக்க இரண்டு சமக்குறி வேண்டும், அங்கே இருந்தது ஒன்று. ஒன்று போட்டால் 'பூஜ்யமாக ஆக்கு' என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். ஒரு குறி குறைந்ததில் மொத்த கணினியும் கைமாறியிருக்கும். மூலக் களஞ்சியத்தோடு நகல் பொருந்தவில்லை என்று உடனே பிடிபட்டது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

பழைய கம்பைலர்: நீங்கள் படிக்கும் நிரல்தான் ஓடுகிறது என்று யார் சொன்னது? மூலநிரலில் தடயமே இல்லாமல் அதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே பின்கதவு (ரகசிய நுழைவழி) வைக்கலாம் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-இலேயே காட்டிவிட்டார். 2024-இல் எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நடந்தது அதற்குத் தம்பி முறை. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, பராமரிப்பாளர் ஆகி, சோதனைக் கோப்புகளுக்குள் விஷத்தைப் புதைத்தார். அதை எழுப்பும் துண்டு வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது. நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தைப் படித்தவருக்கு அது கண்ணில் படாது.

கல்லுளிமங்கன்: அப்படிச் சொல்லுங்கள் ஐயா! அதன் பின்னால் ஒரு அரசு இருக்கும் என்று பலருக்கும் சந்தேகம். தொலைவிலிருக்கும் கணினிக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் நோண்டப் போய் வெளிவந்தது. அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில் என்பது தனி வேடிக்கை.

நிரல்மொழியாள்: வேடிக்கைதான். ஆனால் அந்த அரை நொடியைத் துரத்திப் போக அவர் கையில் மூலநிரல் இருந்தது. விண்டோஸ் ஓட்டை ஒன்றை என்.எஸ்.ஏ. கண்டுபிடித்து, வாயைத் திறக்காமல் எடர்னல்புளூ என்ற ஆயுதமாக்கி வைத்திருந்தது. 2017 ஏப்ரலில் அது வெளியே கசிந்தது. மே மாதம் அதைப் பயன்படுத்தி வானாகிரை என்ற பணம் பறிக்கும் நிரல் வந்து பிரிட்டன் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் வரை தள்ளிப்போயின.

கல்லுளிமங்கன்: அது பிழை, பின்கதவு அல்ல. ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். லினக்ஸ் ஓட்டைகளையும் எவரும் பதுக்கி வைக்கவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்வீர்களா? அப்புறம், நிறுவனம் என்றால் எதிர்த்து நிற்க ஒரு ஆள் இருக்கும். 2016-இல் எஃப்.பி.ஐ. ஐபோனைத் திறக்க மென்பொருள் எழுதித் தரச் சொன்னபோது ஆப்பிள் நீதிமன்றத்தில் மறுத்தது. எக்ஸ்.இசட்டைப் பராமரித்தவர் சம்பளமில்லாத ஒற்றை ஆள். அவர் எந்த வக்கீலை வைப்பார்?

பழைய கம்பைலர்: முகவரி இருந்தால் சம்மனும் அங்கேதான் வரும். 2013-இல் ஸ்னோடன் வெளியிட்ட, என்.எஸ்.ஏ.வின் பிரிசம் கண்காணிப்புத் திட்ட ஆவணத்தில் மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் இரண்டின் பெயரும் உண்டு. அதற்காக லினக்ஸ் அந்தரத்தில் மிதப்பதாகவும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபரில் ரஷ்யத் தொடர்புள்ள சிலரின் பெயர்கள் கர்னல் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ஒரே திருத்தத்தில் நீக்கப்பட்டன, பொருளாதாரத் தடைச் சட்டங்களுக்காக. எனக்கு டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தயாரிப்பவர்கள் செய்வதுதான் பிடிக்கும். ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் பிட் மாறாமல் அதே பைனரி (கணினி ஓட்டும் கோப்பு) வரவேண்டும்.

கல்லுளிமங்கன்: எக்ஸ்.இசட். விஷயத்தில் அது எதற்கு உதவும்? விஷம் கலந்த தொகுப்பை எடுத்துக் கட்டினால், விஷம் கலந்த பைனரி பிட் மாறாமல் வரும்.

பழைய கம்பைலர்: ஒத்துக்கொள்கிறேன். தொகுப்பையும் கிட்டையும் ஒப்பிட்ட பிறகுதான் அது உதவும். அந்த ஒப்பீட்டை அப்போது யாரும் செய்யவில்லை.

கல்லுளிமங்கன்: சரி, நிரல்மொழியாள், இதையெல்லாம் எந்தக் கணினியிலிருந்து எழுதுகிறீர்கள்?

நிரல்மொழியாள்: டெபியன். வைஃபை சிப்புக்கு மட்டும் மூலநிரல் தராத, மூடிய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்). அந்த நூறு வரி படித்த பிறகு வேறு வழி தெரியவில்லை.