பிளாக் டைம்: 'கட்டைநேரம்' எனலாமா?

ஐயா, வணக்கம்.

விமானப் பயணக் கணக்கில் வரும் 'பிளாக் டைம்' (block time) என்பதற்குத் தமிழில் 'தொகுதி நேரம்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த பிளாக் தொகுதி அல்ல, சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கட்டை. ஊழியர் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்தெடுத்ததும் விமானம் நகர்கிறதே, அதிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரை உள்ள கணக்குதான் பிளாக் டைம். தொப்பூர் கணவாயில் லாரி நின்றதும் கிளீனர் தூக்கிக்கொண்டு குதிப்பாரே, அதே கட்டை. கையில் சொல் இருக்கும்போது தொகுதிக்கு ஏன் போக வேண்டும்? 'கட்டைநேரம்' என்றே வைக்கலாம்.

'பறப்பு நேரம்' என்றால் போதாதா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஓடுதளத்தை விட்டு எழுந்தது முதல் தரை தொடும் வரை தனியாக ஒரு கணக்கு உண்டு, ஏர் டைம். ஓடுதளத்துக்குமுன் வரிசையில் அரை மணி நின்றால் அது கட்டைநேரத்தில் ஏறும், ஏர் டைமில் ஏறாது. போதாக்குறைக்கு, பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் ஃபிளைட் டைம் வரையறையில் தரையில் உருளும் நேரமும் அடக்கம். 'பறப்பு' என்றால் எது என்று ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஏர் டைமுக்கு 'வான்நேரம்' இருக்கட்டும்.

தொலைவிலும் இதே சிக்கல்தான். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பர் முதல் இடையில் நிற்காத விமானம் ஓடுகிறது. இரண்டு ஊரும் பூமி உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம், தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை. அதனால் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. கணக்கை விரல்விட்டே போடலாம்: சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. ஆக 138 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் வைத்தால் 15,300 சொச்சம். உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரமான இதுதான் பெருவட்டத் தொலைவு. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது கிடைக்காது.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில்தான் போகும் என்றில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கம் சுற்றிப்போகிறது, மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால். சுற்றினாலும் லாபம். அப்படிப் போன தூரத்தைத் 'தடத்தொலைவு' எனலாம். இரண்டையும் 'விமானத் தொலைவு' என்று ஒரே சொல்லில் அடைத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கே தப்பாகிவிடும்.

நேரக் குழப்பம் இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரில் பகல் 12 மணிக்குக் கட்டை எடுத்தால், கோடைகாலத்தில், அன்று மாலையே ஆறே முக்காலுக்கு நியூயார்க்கில் கட்டை விழும். என் சித்தி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு "ஏழு மணி நேரந்தானே, சாப்பாடு கட்டணுமா?" என்றார். கடிகார வித்தியாசம் 12 மணி, கட்டைநேரம் பதினெட்டே முக்கால்.

அப்புறம், 'கட்டையில போறவனே' என்ற வசவு நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். விமானம் ஏறும் நேரத்தில் அந்தச் சொல் யாருக்கும் பிடிக்காது. பயணிகளுக்கான அறிவிப்பில் மட்டும் 'பயண நேரம்' என்று போட்டுக்கொள்ளலாம். அகராதியில் கட்டைநேரம், கட்டையெடுப்பு, கட்டையிடல் மூன்றும் இருக்கட்டும். 'ஆப்பு நேரம்' என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.